விருந்தினரின் வியப்பும் ஊராரின் இசைவும்: திருவண்ணாமலையில் வெளிநாட்டவரின் அன்றாடம்

1. கேள்வி

ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர்கள் தங்கள் அன்றாடத்தை எழுதி எழுதி அதைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்துவிட்டார்கள். 1878இல் அந்நாட்டின் வடபகுதிகளில் பயணம் செய்த இசபெல்லா பேர்ட், விடுதிகளின் தெள்ளுப்பூச்சிகளையும் காகிதக் கதவின் துளைகள் வழியே தன்னைப் பார்த்த கண்களையும் 1880இல் வெளியான நூலில் சலிக்காமல் பதிவு செய்தார். எட்வர்ட் மோர்ஸ் 1886இல் ஜப்பானிய வீடுகளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய நூல் எழுதினார். பேசில் ஹால் சேம்பர்லின் 1890இல் அகரவரிசையில் தொகுத்த ஜப்பானியத் தகவல் நூலில், ஐரோப்பிய வழக்கத்துக்குத் தலைகீழாக நடக்கும் செயல்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அங்கே தச்சர் இழைப்புளியைத் தம் பக்கமாக இழுக்கிறார். ஐரோப்பியர் கடைசி என்று நினைக்கும் பக்கத்தில் நூல் தொடங்குகிறது. தமிழர்களும் இந்த வரிசையில் உண்டு. 1930களில் டோக்கியோவில் புகைப்படக்கலை பயின்ற ஏ.கே. செட்டியார் ஜப்பானைப் பற்றி எழுதினார். பின்னர் தி. ஜானகிராமன் ‘உதயசூரியன்’ எழுதினார்.

இதே கண்ணோடு திருவண்ணாமலையைப் பார்த்தால் விசித்திரமான ஒரு வெறுமை தென்படுகிறது. 1911 முதல் இந்த ஊருக்கு வெளிநாட்டவர் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் சில நாள் தங்கினார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து இங்கேயே இறந்தார்கள். அவர்கள் எழுதிய நூல்கள் நூலக அலமாரிகளை நிரப்பும். ஆனால் இவ்வூரில் சோறு உண்டது எப்படி, துணி துவைத்தது யார், தரையில் உட்காரப் பழகும்போது முழங்கால் என்ன பாடுபட்டது, பால்காரரோடு எந்த மொழியில் பேசினார்கள் என்பவற்றுக்கு அந்நூல்களில் இடம் மிகக் குறைவு. ஜப்பானில் பெருகிய எழுத்து திருவண்ணாமலையில் ஏன் பெருகவில்லை? அப்படிப் பெருகாமல் போனதால் ஊரின் வரலாற்றில் எது மறைந்தது? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியைத்தான் ஆராய்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

அவர்களை ஈர்த்த ஞானி ரமணர் 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்தார்; 1950 ஏப்ரல் 14இல் மறைந்தார். அவரைத் தேடி வந்த முதல் மேற்கத்தியராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் எஃப்.எச். ஹம்ஃப்ரீஸ். 1911 தொடக்கத்தில் காவல்துறை உதவிக் கண்காணிப்பாளராக வேலூருக்கு வந்தவர். அவருக்குத் தெலுங்கு கற்பித்த முன்ஷியின் வழியாகக் காவ்யகண்ட கணபதி முனிவரை அறிந்து, அவ்வாண்டு நவம்பரில் ரமணர் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்கு ஏறினார். 1931இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் வந்தார். 1934இல் வெளியான அவருடைய நூல் இவ்வூரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோயிற்று. அதைப் படித்துவிட்டு 1935 நவம்பர் 1இல் வந்து சேர்ந்த மேஜர் சாட்விக், சாது அருணாசலா என்ற பெயருடன் 1962இல் இறக்கும்வரை ரமணரின் ஆசிரமத்திலேயே வாழ்ந்தார். ஈராக்கில் பிறந்த யூதரான எஸ்.எஸ். கோஹன் 1936இல் வந்தார். 1949இல் வந்த பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோ, பின்னர் மலைக் குகைகளிலும் தங்கினார்.

இந்த வருகைகளுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதலாவது, அடியார் மரபின் விளக்கம். அதன்படி வந்தவர் அனைவரும் தேடிகள். அவர்களின் வாழ்க்கையில் பொருட்படுத்தத்தக்கது குருவின் பார்வை பட்ட கணமே. இரண்டாவது, காலனியத்துக்குப் பிந்தைய விமர்சனத்தின் விளக்கம். அது இவர்களைக் கிழக்கைக் கற்பனை செய்தவர்கள் என்று வாசிக்கிறது. அருணாசலத்தின் சைவ மரபிலிருந்து ரமணரைப் பிரித்தெடுத்து உலகப் பொதுவான ஞானியாக்கியவர்கள் என்கிறது. பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவ்வூரைக் கல்வெட்டு, கட்டடக்கலை, சடங்கு, நகரமைப்பு என்று பல தொகுதிகளில் ஆராய்ந்ததும் உண்டு. அவர்களின் மையம் அருணாசலேசுவரர் கோயில்.

முதல் இரண்டு விளக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும் ஒரு குறையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் வெளிநாட்டவரின் மனத்தை மட்டுமே பார்க்கின்றன. அவருக்கு உடலும் உண்டு, அந்த உடலுக்கு இடம் கொடுத்த ஓர் ஊரும் உண்டு என்பது இரண்டிலும் விடுபட்டுப்போகிறது.

பிரண்டனின் நூலில் வரும் பாம்பு இதற்கு நல்ல சான்று. தம் குடிலருகே படமெடுத்த நாகத்தைக் கண்டு அவர் அஞ்சி நிற்கிறார். ரமணரின் சீடரான யோகி ராமையா அமைதியாக அதை நெருங்கித் தொடுகிறார். திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டில் பாம்பு வருவது அன்றாடச் செய்தி. நான் வாழும் வேங்கிக்கால் பகுதியில், ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டிய எவரும் மழைக்காலத்தில் எதிர்பார்ப்பதுதான். இசபெல்லா பேர்டின் கையில் அது விடுதியின் தெள்ளுப்பூச்சிகளோடு சேர்ந்து பயண அனுபவமாகியிருக்கும். பிரண்டனின் கையில் அது யோக ஆற்றலின் நிரூபணமாகிவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அன்றாடம் அவர் கையில் பட்டவுடனே அற்புதமாகத் திரும்பிவிடுகிறது.

3. காலணி, கால், இலை

அன்றாடம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. சாட்விக்கின் நினைவுக் குறிப்புகளிலும் அடியார் சூரி நாகம்மாவின் கடிதங்களிலும் அது ஓரங்களில் தங்கியிருக்கிறது. மூன்று இடங்களை மட்டும் உற்றுப் பார்க்கலாம்.

1938இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். வந்தவருக்கு மயக்கம் வந்துவிட, சாட்விக்கின் அறையில் படுக்கவைத்தார்கள். ரமணர் அங்கேயே வந்து அவருக்கு எதிரே பேசாமல் அமர்ந்திருந்தார். மயக்கத்தைச் சிலர் சமாதி என்று பரப்பினார்கள். தமக்கு அதற்கு முன்பும் அப்படி நேர்ந்ததுண்டு என்று மாம் பின்னாளில் எழுதினார். இதுவரைக்கும் பலருக்கும் தெரியும். சாட்விக் தரும் இன்னொரு சிறு தகவலைத்தான் கவனிக்க வேண்டும். மாம் தரிசன மண்டபத்துக்குள் நுழையவில்லை. காலில் பெரிய பூட்ஸ் இருந்ததால் வெளியில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. அன்றைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாவலாசிரியரைத் தடுத்தது தத்துவமோ நம்பிக்கையின்மையோ இல்லை, காலணிதான். அவர் செல்ல முடியாத இடத்திலிருந்து ரமணர் எழுந்து அவர் இருந்த இடத்துக்கு வந்தார். இந்நிகழ்வை அருள் என்று அடியார்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அன்று தன் வழக்கத்தை விட்டு நகர்ந்தது விருந்தினர் தரப்பு அன்று, விருந்தளித்த தரப்பு என்பதும் அதே அளவு உண்மை.

இங்கே ஜப்பான் ஒப்பீடு உதவுகிறது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவது ஜப்பானிய வீட்டின் முதல் விதி. ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் அது குறித்துவைக்கத்தக்க புதுமை. இன்று டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அது செய்தியே இல்லை. ஊரில் செய்ததைத்தான் அங்கும் செய்கிறார்கள். குப்பையை வகை பிரித்து, வகைக்கொரு நாளில் வைக்க வேண்டியதும், கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருப்பதும்தான் அவர்களுக்குப் புதிது. ஆகவே வினோதம் என்பது ஒரு நாட்டின் இயல்பாக அந்நாட்டிலேயே இருப்பதில்லை. பார்ப்பவரின் வீட்டுப் பழக்கத்துக்கும் பார்க்கப்படும் வீட்டின் பழக்கத்துக்கும் உள்ள இடைவெளியில் அது பிறக்கிறது. அந்த இடைவெளியை அளந்தால் இரு வீடுகளையும் பற்றி அறியலாம். அன்றாடக் குறிப்புகளுக்கு ஆய்வு மதிப்பு இருப்பதாக நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது இடம், கால். மண்டபத்தில் ஓர் ஐரோப்பிய மூதாட்டி தரையில் சம்மணமிட முடியாமல் ரமணரை நோக்கிக் காலை நீட்டி அமர்ந்த நிகழ்ச்சி ஆசிரம நினைவு நூல்களில் சொல்லப்படுகிறது. அருகிலிருந்தவர்கள் அவரைக் காலை மடக்கச் சொன்னார்கள். அதைக் கண்ட ரமணர், மூட்டுவலியோடு நீட்டியிருந்த தம் கால்களையும் மடக்கிக்கொண்டார். வேண்டாம் என்று மற்றவர்கள் கெஞ்சியும் எளிதில் இணங்கவில்லை. இறைவன் இருக்கும் திசையில் கால் நீட்டிய ஔவையின் கதையையும் எடுத்துச் சொன்னார். மரியாதை விதி எல்லா முழங்காலுக்கும் ஒன்றுதான் என்றால் அது தம் முழங்காலையும் கட்ட வேண்டும் என்பது அச்செயலின் பொருள். விதியை அமல்படுத்த முனைந்தவர்கள் உள்ளூர் அடியார்கள். அதைத் தளர்த்தியவரும் உள்ளூர்க்காரரே. அந்த மூதாட்டிக்கு அன்று என்ன தோன்றியது, வெட்கமா, கோபமா, நன்றியா என்பதற்கு அவர் கையால் எழுதிய வரி எதுவும் இக்கதையோடு வருவதில்லை.

மூன்றாவது இடம் சாப்பாட்டுக் கூடம். அது கடினமான இடம். ரமணர் காலத்தில் அங்கே பிராமணர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் அமர்ந்தனர். நடுவே மறைப்பு இருந்தது. இரு சாராருக்கும் தெரியும்படி ரமணர் அமர்ந்தார். சமையல் பிராமணர் கையில் இருந்தது. வெளிநாட்டவருக்கு இடம் பிராமணர் அல்லாதார் பக்கத்தில். தரையில் அமர்ந்து இலையில் கையால் உண்பது வெளிநாட்டவருக்குப் புதிய அனுபவம். கடிதத்தில் எழுதத்தக்க மகிழ்ச்சி. அவருக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த தமிழருக்கு அந்தப் பந்தி வரிசையே சாதி. ஒரே கூடத்தில், ஒரே வரிசையில், ஒரே குழம்பை உண்ட இருவர் முற்றிலும் வேறான இரண்டு உண்மைகளுக்குள் அமர்ந்திருந்தார்கள். அன்றாடத்தை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கினால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும். அடியார் நூல்கள் கூடத்தில் ரமணரின் சமநிலையை விரித்துரைக்கின்றன. மறைப்பைப் பற்றி அவை சொல்வது மிகக் கொஞ்சம்.

4. பூனையும் பிள்ளைகளும்

இம்மரபில் எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு எல்லா மய்யார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர். 1935இல் பீக்கிங்கிலிருந்து காஷ்மீர் வரை கடந்து வந்த பயணி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னிந்தியாவில் தங்கினார். திருவண்ணாமலையில் ஆசிரமத்தை அண்டி வாழ்ந்தார். அவர் அந்த ஆண்டுகளைப் பற்றி 1951இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘டி-புஸ்’. அது அவருடைய பூனையின் பெயர்.

பூனையை நடுவில் வைத்ததால் அவருடைய நூலில் ஒரு வாசல் திறந்தது. பூனைக்குத் தத்துவம் வேண்டாம். அதற்குப் பால் வேண்டும், வீடு வேண்டும், அக்கம்பக்கத்தாரின் பொறுமை வேண்டும். ரயிலில் போகும்போது அதைத் தூக்கிச் செல்ல ஒரு வழி வேண்டும். பூனையைப் பின்தொடரும் எழுத்து தெருவுக்கும் அடுக்களைக்கும் வந்தே தீரும். குருவைப் பற்றி நேரடியாக எழுதும்போது வரும் பணிவு பூனையைப் பற்றி எழுதும்போது தேவைப்படவில்லை. திருவண்ணாமலைக்கென்று ஒரு ‘ஜப்பான் வகை’ நூல் உண்டென்றால் அது இதுதான் என்பேன். இன்றுவரை அது நம்மிடையே பரவலாக வாசிக்கப்படாதது வருத்தமே.

ஆஸ்போர்ன் குடும்பத்தின் கதை வேறு வகை. ஆர்தர் ஆஸ்போர்ன் பாங்காக்கில் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1941இல் மனைவி லூசியாவையும் மூன்று பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை தாய்லாந்தில் நுழைந்தது. போர் முடியும்வரை அவர் தடுப்பு முகாமில் இருந்தார். தகப்பன் திரும்புவாரா என்றே தெரியாத அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் இவ்வூரில் ஓடியாடி வளர்ந்தார்கள். மகன் ஆடம் சரளமாகத் தமிழ் பேசினான். அப்பா பத்திரமாக வர வேண்டும் என்று ரமணரிடம் அந்தச் சிறுவன் முறையிட்டதை அடியார் மரபு பாதுகாத்திருக்கிறது. அவன் தமிழ் கற்ற விதத்தை, யாரோடு விளையாடினான், யார் வீட்டில் தின்றான் என்பதை அது பாதுகாக்கவில்லை. பின்னாளில் 1981இல் ‘ஆஸ்போர்ன் 1’ என்ற தூக்கிச்செல்லும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றவர் அந்த ஆடம்தான். அவர் 2003இல் கொடைக்கானலில் காலமானார். ஆர்தர் 1964 ஜனவரியில் ‘தி மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கினார். அந்த இதழும் அது வகுத்த பாதையும் ஞானத்தைப் பேசின. பிள்ளைகளின் தெருத் தமிழுக்கு அங்கே வேலையில்லை.

5. ஏன் சிரிக்கவில்லை?

இவ்வகை எழுத்து இங்கே பெருகாததற்குக் காரணங்களாக மூன்றைச் சொல்லலாம்; அவை ஒரே எடை உடையவை அல்ல.

எளிதில் தோன்றும் காரணம் நோக்கம். ஜப்பானுக்குப் போனவர்களில் பலர் சம்பளத்துக்குப் போனார்கள். திருவண்ணாமலைக்கு வந்தவர் விடுதலைக்கு வந்தார். இது உண்மை, ஆனால் போதாது. வேறு ஞான மரபுகளில் சீடர்கள் தங்கள் தடுமாற்றங்களை நகைச்சுவையோடு எழுதியதுண்டு. இரண்டாவது காரணம் பதிப்பு. இந்நூல்களில் கணிசமானவற்றை ஆசிரமமே வெளியிட்டது. அவற்றின் வாசகர் அடியார்கள். இதுவும் ஓரளவுக்கே விளக்குகிறது, ஏனெனில் லண்டன் பதிப்பகங்களில் வெளியானவையும் அதே தொனியில்தான் இருக்கின்றன.

மூன்றாவதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். இந்தியாவின் அன்றாடத்தைப் பார்த்துச் சிரிக்கும் எழுத்து ஏற்கெனவே இருந்தது; அது ஆள்வோரின் பங்களாவுக்குச் சொந்தமாக இருந்தது. ஜூலியா மெயிட்லண்ட் 1836 முதல் 1839 வரை சென்னை மாகாணத்திலிருந்து எழுதிய கடிதங்கள் 1843இல் நூலாயின. எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் 1889இல் வெளியிட்ட ‘பிஹைண்ட் தி பங்களா’ பட்லர், ஆயா, வண்ணார் என்று வேலைக்காரர் ஒவ்வொருவரையும் ஓர் அத்தியாயத்துக்குரிய கேலிச்சித்திரமாக்கியது. சட்டை கழற்றி வேட்டி கட்டித் தரையில் அமர்ந்த மேஜர் சாட்விக்குக்கு இந்தத் தொனி நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் விட்டு வந்த உலகத்தின் தொனி அது. மோட்டார் சைக்கிளில் வந்து குகைக்கு ஏறிய காவல் அதிகாரி ஹம்ஃப்ரீஸுக்கும் தெரிந்திருக்கும். சீடனாக மாறியவன் பூட்ஸோடு சேர்த்து அந்தச் சிரிப்பையும் வாசலில் விட வேண்டியிருந்தது. அவர்களின் மௌனத்தை ஒருவகை மரியாதையாகவே நான் வாசிக்கிறேன்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கும் சமத்துவம் முழுமையாக இருந்ததில்லை. வெளிநாட்டவரை உள்நாட்டு நீதிமன்றத்துக்கு அப்பால் நிறுத்திய ஒப்பந்த உரிமைகள் 1899 வரை நீடித்தன. ஆயினும் 1890இல் மட்சுவே நகரப் பள்ளியில் ஆசிரியரான எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னுக்கு முதலாளி ஜப்பானிய அரசு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவருடைய பணி 1903இல் முடிவுக்கு வந்தபோது அதை முடித்ததும் ஜப்பானியரே. வேலையை விட்டு அனுப்பக்கூடியவரின் வீட்டில் வாழும்போது எழும் வியப்பில் அதிகாரத்தின் வாடை குறைவு.

6. வீட்டாரின் பக்கம்

ஹெர்னின் அன்றாடம் நமக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் அவருடைய மனைவி கொய்சுமி செட்சு. அவர் சொல்லி எழுதப்பட்ட நினைவுகள் 1914இல் வெளிவந்தன. புத்தகத்தைப் பார்க்காமல், தன் சொந்த வார்த்தைகளில் பேய்க்கதை சொல்லும்படி கணவர் கேட்டதையும், அவர் இரைச்சலைத் தாங்காததையும் செட்சு பதிவு செய்தார். வெளிநாட்டவரின் வினோதங்களை வீட்டுக்காரர் எழுதிய அரிய ஆவணம் அது.

திருவண்ணாமலையில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியவர் சூரி நாகம்மா. 1945 முதல் 1950 வரை தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் அவர் மண்டபத்தின் நாளாந்த நிகழ்வுகளைக் குறித்தார். யார் எங்கே உட்கார்ந்தார், யார் என்ன கொண்டுவந்தார், யார் யாரைக் கடிந்துகொண்டார் என்பதை அவர் விடுவதில்லை. செட்சுவும் நாகம்மாவும் தத்துவ நூல் எழுத உட்காரவில்லை. ஒருவர் கணவரை நினைவுகூர்ந்தார், ஒருவர் அண்ணனுக்குச் சேதி சொன்னார். வெளிநாட்டவரின் உடல் ஓர் ஊருக்குள் எப்படிப் பொருந்தியது என்ற வரலாற்றுக்கு இத்தகைய எழுத்தே முதல் தரச் சான்று. ஆனால் நாகம்மாவின் பார்வை மண்டபத்தைச் சுற்றியது. ஆசிரம மதிலுக்கு வெளியே வீடு வாடகைக்கு விட்டவர், தண்ணீர் சுமந்தவர், துணி வெளுத்தவர் எழுதியது எதுவும் நூலாகவில்லை.

7. இன்றைய வேங்கிக்காலிலிருந்து

1989 செப்டம்பரில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலில் அமைந்துள்ளது. செங்கம் சாலையில் ரமண நகரில் தேடியாக இருப்பவர் இப்பக்கம் வரும்போது மனுதாரர். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டு உரிமையாளர், ‘சி’ படிவம் என்று வழக்கில் அறியப்படும் தகவலை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். பெயர், நாடு, கடவுச்சீட்டு, விசா, வந்த நாள், அடுத்துப் போகும் இடம் ஆகியவற்றை அது கேட்கிறது. ஊருக்கும் விருந்தினருக்கும் இடையில் இன்று முறையாக எழுதப்படும் ஒரே ஆவணம் ஏறத்தாழ இதுதான்.

எழுதப்படாதது ஏராளம். நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தை ஊரார் ‘சீசன்’ என்கிறார்கள். அதற்காக வீடுகள் மாறியிருக்கின்றன: மலை தெரியும் மொட்டைமாடிக்கு வாடகை கூடுதல், மேல்நாட்டுக் கழிவறை இல்லாத வீடு எளிதில் போகாது. காரம் குறைத்துச் சமைக்கப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமலே பல நாட்டார் பேசும் ஆங்கிலத்தின் வேறுபாடுகளைக் காதால் பிரித்தறியும் ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றும் வெளிநாட்டவருக்குத் தெருவில் மதிப்பு உண்டு. நிலவிலை ஏற்றத்தால் வீட்டுக் கனவு கைநழுவிய உள்ளூர்க் குடும்பத்தின் மனக்குறையும் அதே தெருவில் உண்டு. ஒருவர் தங்கும் காலத்தைப் பொறுத்து ஊர் தன் இசைவை அளந்து தருகிறது.

இவற்றுள் ஒன்றை மட்டும் தனித்து ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்க் குடித்தனக்காரர் வீடு கேட்டு வரும்போது எந்த ஊர், என்ன ஆட்கள், கவுச்சி சமைப்பீர்களா என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டவரிடம் இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. மூன்றாவது கேள்வி ஒரு வேண்டுகோளாக மென்மைப்பட்டுவிடுகிறது. ரமணர் காலத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வெளிநாட்டவரும் பிராமணரல்லாத தமிழரும் மறைப்பின் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். இன்றைய வாடகைச் சந்தையில் வெளிநாட்டவர் மறைப்பைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த இலையில் இருந்தவரின் பேரப்பிள்ளை இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாடகை ஒப்பந்தங்கள், தரகர்களின் குறிப்பேடுகள், பல ஆண்டுகள் இவ்வீடுகளில் சமைத்த பெண்களின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு இந்த நகர்வு எந்தப் பத்தாண்டில், எந்தத் தெருவில் தொடங்கியது என்பதைக் கண்டறிய முடியும்.